கறுப்பு உடுத்திய பெண்ணின் கையெழுத்து



என்னைப் போன்ற கணக்காளர்களுக்குத் தை மாதம் என்றால் பொங்கல் நினைவுக்கு வருவதில்லை. 31ஆம் திகதிக்குள் எல்லோருடைய வருமான வரிப் படிவங்களையும் அனுப்பி முடிக்க வேண்டும் என்பதுதான் நினைவுக்கு வரும். அது முடிந்த பிறகு ஒரு வாரம் இலக்கங்களைக் கண்ணால் பார்க்கவே மனம் வராது. இந்த முறை அப்படியான ஒரு மாலையில், என் மகள் நூலகத்தில் இருந்து எடுத்து வந்த ஒரு துப்பறியும் நாவல் மேசையில் கிடந்தது. "அப்பா, பழைய இலண்டன் கதை. வாசிச்சுப் பாருங்கோ" என்றாள்.

டியானா ரேபோர்ன் எழுதிய நாவல் அது. கதை 1886இல் இலண்டனில் நடக்கிறது. ஜூலியா கிரே என்ற சீமாட்டியின் கணவர் வீட்டிலேயே விழுந்து இறந்துபோகிறார். இயற்கை மரணம் என்றே அவர் நம்புகிறார். பின்னர் கணவரின் மேசையில் இருந்து ஒரு மிரட்டல் கடிதம் வெளிவருகிறது. அதிலிருந்து அந்தப் பெண் துப்பறியத் தொடங்குகிறார்.

அதை முடித்ததும் மகளிடம் இன்னொன்று கேட்டேன். தாஷா அலெக்சாண்டர் 2005இல் வெளியிட்ட நாவலைத் தந்தாள். அதன் நாயகி எமிலி, திருமணமாகிச் சில மாதங்களிலேயே ஆபிரிக்காவுக்கு வேட்டைக்குப் போன கணவரை இழந்தவர். மூன்றாவதாக எமிலி பிரைட்வெல்லின் கதை ஒன்று. அதில் பொலிஸ் அதிகாரி ஒருவரின் வீட்டைப் பராமரிக்கும் திருமதி ஜெப்ரீஸ், அவருக்கே தெரியாமல் அவருடைய வழக்குகளைத் துலக்குகிறார். அவரும் விதவைதான். இறந்த கணவர் யோர்க்ஷயரில் பொலிஸ்காரராக இருந்தவர்.

மூன்று பேரேட்டில் ஒரே பதிவு வந்தால் அது தற்செயல் என்று கணக்காளன் விடமாட்டான். இந்த எழுத்தாளர்கள் ஏன் விதவையையே தேடிப் பிடிக்கிறார்கள்? அதற்கான பதில் அக்காலத்து இங்கிலாந்தின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

நான் வணிகவியல் படித்த காலத்தில் ஒப்பந்தச் சட்டமும் ஒரு பாடம். யார் யார் ஒப்பந்தம் செய்யத் தகுதி அற்றவர்கள் என்று ஒரு பட்டியல் அதில் வரும். வயது வராதவர்கள், புத்தி சுவாதீனம் இல்லாதவர்கள் என்று அது போகும். பழைய ஆங்கிலச் சட்ட நூல்களில் அந்தப் பட்டியலில் இன்னொரு வகையினரும் இருந்தார்கள். அவர்கள் திருமணமான பெண்கள்.

திருமணத்தோடு பெண்ணின் சட்டபூர்வமான ஆள்நிலை கணவனுடையதற்குள் அடங்கிவிடும் என்பதே அங்கு பொதுச் சட்டமாக இருந்தது. அவள் கையில் இருந்த காசும் நகையும் கணவனுடையவை. அவள் வேலை செய்து பெற்ற கூலியும் அவனுடையது. தன் பெயரில் ஒப்பந்தம் எழுதவோ வழக்குப் போடவோ அவளால் முடியாது. வசதியான குடும்பங்கள் நம்பிக்கைப் பொறுப்புப் பத்திரம் எழுதி மகளின் சொத்தைக் காப்பாற்றின. ஏழைக் குடும்பங்களுக்கு அந்த வழி இருக்கவில்லை. 1870இல் வந்த சட்டம் மனைவியின் உழைப்பூதியத்தை அவளுடையதாக்கியது. 1882இல் நிறைவேறி 1883 தை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம்தான் அவளுடைய சொத்து முழுவதையும் அவளிடம் விட்டது.

ஆனால் கணவன் இறந்த அன்றே விதவைக்குச் சட்டத்தின் முன் தனி ஆள்நிலை திரும்பிவிடும். அவள் சொத்து வாங்கலாம், விற்கலாம், கடன் கொடுக்கலாம், வழக்கறிஞரை நியமிக்கலாம். வயது வந்த திருமணமாகாத பெண்ணுக்கும் இந்த உரிமைகள் இருந்தன. ஆனால் நல்ல குடும்பத்துப் பெண் துணைக்கு ஆள் இல்லாமல் வெளியே போனால் ஊர் கதைக்கும்.

இதை நான் ஒரு தாளில் கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். குமர்ப்பிள்ளைக்குச் சட்டம் இடம் கொடுத்தது, சமூகம் கொடுக்கவில்லை. மனைவிக்குச் சமூகம் இடம் கொடுத்தது, சட்டம் கொடுக்கவில்லை. இரண்டு பக்கமும் வரவு காட்டிய ஒரே ஆள் விதவை. துப்பறியப் போகிறவருக்குக் கையில் சொந்தக் காசு வேண்டும், தனியே போய் வரும் சுதந்திரம் வேண்டும், எவரையும் கேள்வி கேட்கக்கூடிய வயதும் மதிப்பும் வேண்டும். ஆகவே நாவலாசிரியர் கணவனை முதல் அத்தியாயத்திலேயே கொன்றுவிடுகிறார்!

இந்தச் சுதந்திரம் இலவசமாகக் கிடைக்கவில்லை. 1861 மார்கழியில் அல்பேர்ட் இளவரசர் இறந்தபின் விக்டோரியா மகாராணி, தான் 1901இல் இறக்கும்வரை கறுப்புடையே உடுத்தினார். மற்றப் பெண்களுக்கு இரண்டு வருடங்களும் அதற்கு மேலும் என்று வழக்கம் இருந்தது. முதல் ஒரு வருடமும் ஒரு நாளும் உடல் முழுவதும் கிரேப் என்ற பளபளப்பில்லாத கறுப்புத் துணி. பிறகு சிறிது சிறிதாக அதைக் குறைத்து, கடைசியில் சாம்பல் நிறத்துக்கும் இளம் ஊதாவுக்கும் வரலாம். மனைவியை இழந்த ஆணுக்கு இதில் சிறு பங்குதான்.

துக்கம் ஒரு பெரிய வியாபாரமாகவும் இருந்தது. இலண்டன் ரீஜன்ட் வீதியில் 1841இல் ஜேய்ஸ் என்ற கடை துக்க உடைகளுக்கென்றே திறக்கப்பட்டது. எசெக்ஸில் இருந்த கோர்ட்டோல்ட் நிறுவனம் கிரேப் துணி நெய்தே பெரும் செல்வம் சேர்த்தது. எங்கள் ஊரில் வெள்ளைச் சேலை, இங்கே கறுப்புக் கவுண். நிறம்தான் வேறு. இரண்டும் ஒரு பெண்ணைத் தூரத்தில் இருந்தே அடையாளம் காட்டின. கொண்டாட்டங்களில் இருந்து அவளைத் தள்ளியும் வைத்தன. அந்த ஒதுக்கத்தையே நாவலாசிரியர்கள் கெட்டித்தனமாகப் பயன்படுத்துகிறார்கள். முகத்திரை போட்ட பெண்ணை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அவளோ எல்லோரையும் பார்க்கிறாள்.

இது இன்றைய எழுத்தாளர்களின் கண்டுபிடிப்பு அல்ல. 1864இல், விக்டோரியா காலத்திலேயே, டபிள்யூ. எஸ். ஹேவர்ட் எழுதியதாகக் கருதப்படும் ஒரு கதைத் தொகுதி இலண்டனில் வெளிவந்தது. அதன் நாயகி திருமதி பாஸ்கல், நாற்பதை நெருங்கும் விதவை. கணவர் திடீரென இறந்து கையில் ஒன்றும் இல்லாமல் போனதால் சம்பளத்துக்குத் துப்பறியும் வேலையில் சேர்கிறார். ஒரு கதையில், சந்தேகத்துக்குரிய பெண்ணைப் பின்தொடர்ந்து நிலத்துக்கு அடியில் இறங்க வேண்டியிருக்கிறது. கம்பி வளையம் வைத்த அகலப் பாவாடை தடையாக இருக்கவே, அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஏணியில் இறங்குகிறார். 1842இல் எட்டுப் பேருடன் தொடங்கிய ஸ்கொட்லன்ட் யார்ட் துப்பறியும் பிரிவில் அக்காலத்தில் ஒரு பெண்கூட இருக்கவில்லை. கதை நிசத்தை முந்திக்கொண்டு ஓடியது.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நிசமும் ஓடத் தொடங்கியிருந்தது. ஸ்கொட்லாந்தில் பிறந்து அமெரிக்கா போன அலன் பிங்கர்டன், சிக்காகோவில் துப்பறியும் நிறுவனம் நடத்தினார். 1856இல் கேட் வோர்ன் என்ற இளம் விதவை அங்கே வேலை கேட்டுப் போனார். எழுத்து வேலைக்கு வந்தவர் என்றே பிங்கர்டன் முதலில் நினைத்தாராம். குற்றவாளிகளின் மனைவிமாரிடமும் காதலிகளிடமும் கதைத்து இரகசியம் அறிய ஆண்களால் முடியாது, பெண்ணால் முடியும் என்று வாதாடி அவர் அந்த வேலையைப் பெற்றார். 1861இல் ஆபிரகாம் லிங்கனைக் கொல்லச் சதி நடப்பதாகத் தகவல் வந்தபோது, அவரை இரவோடு இரவாக வாஷிங்டனுக்கு ரயிலில் கொண்டு சேர்த்தவர்களில் கேட் வோர்னும் ஒருவர். நோயாளிச் சகோதரனுடன் பயணம் செய்யும் பெண்ணாக நடித்தார்.

இங்கிலாந்தில் கைது செய்யும் முழு அதிகாரம் பெற்ற முதல் பெண் பொலிஸ் அதிகாரி ஈடித் ஸ்மித். 1915இல் கிரந்தம் நகரில் நியமிக்கப்பட்டார். அவர் ஒரு மருத்துவிச்சி, நான்கு பிள்ளைகளின் தாய். அவரும் ஒரு விதவை.

ஆனால் ஐந்தொகையின் மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நாவல்களில் வரும் சீமாட்டிகளுக்கு வீடும் வேலைக்காரரும் உண்டு. உண்மையில் பெரும்பாலான விதவைகள் தையலும் சலவையும் செய்தே பிள்ளைகளை வளர்த்தார்கள். உடல்வலு உள்ளவர்களுக்கு ஏழைகள் விடுதிக்கு வெளியே உதவி கொடுக்கக் கூடாது என்று 1844இல் வந்த ஆணை, விதவைக்கு முதல் ஆறு மாதங்கள் விலக்கு அளித்தது. பிள்ளைகள் உள்ள விதவைக்கும் சலுகை இருந்தது. அதற்கப்பால் உதவி கிடைப்பது உள்ளூர் அதிகாரிகளின் மனத்தைப் பொறுத்தது. தந்தை உயிலில் வேறொருவரைப் பாதுகாவலராக எழுதி வைத்தால், தாய்க்கும் பிள்ளைகள் மீது பங்கு உண்டு என்பதே 1886 சட்டத்தில்தான் உறுதியானது. கையெழுத்துப் போடும் உரிமை கிடைத்தது உண்மை. கையெழுத்துப் போட ஏதும் இருந்தவர்கள் சிலர்தான்.

இதை வாசித்தபோது எனக்கு 1982இல் எங்கள் ஊரில் நடந்தது நினைவுக்கு வந்தது. அக்காவின் கலியாணச் செலவுக்காக அம்மா தன் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்க வேண்டியிருந்தது. எல்லாம் பேசி முடிந்தும் உறுதி எழுத முடியவில்லை. கொழும்பில் வேலை செய்த அப்பா மெயில் ரயிலில் வந்து ஒப்பம் வைக்கும்வரை காத்திருந்தோம். தேசவழமையைத் தழுவி, பிரித்தானியர் ஆட்சியில் 1911இல் வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமைச் சட்டம், மனைவி தன் காணியைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூல சம்மதத்தைக் கேட்டது. இங்கிலாந்தில் மனைவிமார் விடுபட்டு 28 வருடங்களுக்குப் பிறகு எங்களுக்கு எழுதப்பட்ட சட்டம் அது. அதே நொத்தாரிசின் வாங்கில் எங்களுக்கு முன்னால் ஒரு மாமி இருந்தார். அவரிடம் கணவரின் ஒப்பம் கேட்கவில்லை. இறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள்.

ஒப்பம் அல்லது இறப்புச் சான்றிதழ். இந்த இரண்டில் ஒன்றும் இல்லாமல் போன பெண்கள் எங்கள் மண்ணில் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இறப்பை ஒத்துக்கொள்ளாமலே 'காணாமற்போனவர்' என்று சான்றிதழ் பெற இலங்கைச் சட்டம் வழி செய்தது 2016இல்தான். படமும் கோவையும் கையில் கொண்டு முகாம் முகாமாக, கந்தோர் கந்தோராகக் கேள்வி கேட்டு அலைந்த அந்தப் பெண்களை விடப் பெரிய துப்பறிவாளரை எந்த நாவலிலும் நான் காணவில்லை.

இறுதியாக இங்கே நடந்த ஒன்று. சில வருடங்களுக்கு முன் கணவரை இழந்த ஒரு சகோதரி, பிரிக்காத கடிதங்கள் நிறைந்த கடைப் பையோடு என்னிடம் வந்தார். வீட்டுக் கடன் எவ்வளவு என்றுகூட அவருக்குத் தெரியாது. மூன்று வருட வங்கிக் கூற்றுகளை அவரிடமே கொடுத்து, விளங்காத ஒவ்வொரு வரியையும் சிவப்புப் பேனையால் அடையாளம் போடச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து வந்தார். மாதம் 14 பவுண் எங்கோ போவதைப் பிடித்திருந்தார். கடிதம் எழுதி விசாரித்ததும் அவரே. அது கணவர் சொல்லாமல் வைத்திருந்த ஆயுட் காப்புறுதி. வீட்டைக் காப்பாற்றியது அந்த வரிதான்.

மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் நான் என் வீட்டில் என்ன செய்தேன்? நாவலை மூடிவைத்த அன்று மனைவியிடம், எங்களுடைய காப்புறுதிப் பத்திரம் எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். "நீங்கள் இருக்கேக்கை நான் ஏன் அதைப் பார்க்க வேணும்?" என்றார். முப்பது வருடமாக அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. இங்கே எந்தச் சட்டமும் அவரைத் தடுக்கவில்லை. தடுத்து வைத்திருந்தது என்னுடைய அலுமாரிச் சாவி.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவைகளை எல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பினோம். மூன்று மணித்தியாலம் எடுத்தது. இரண்டு இடத்தில் என்னுடைய பிழையையும் அவர் கண்டுபிடித்தார். நேயர்களே, நீங்களும் இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். தேநீர் போட்டுக்கொண்டு இருவருமாக இருங்கள்.