தெருவைப் பார்க்கும் எந்திரமும் சேரியும்

1854ல் லண்டனில் காலரா வந்தது. ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் செத்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனார். குறிகள் பிராட் தெருத் தண்ணீர்ப் பம்பைச் சுற்றி மொய்த்தன. சனங்கள் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அந்தப் படம் கேட்டது. 1889ல் அதே லண்டனில் சார்லஸ் பூத் தெருக்களுக்கு வர்ணம் தீட்டினார். பணக்காரத் தெருவுக்கு மஞ்சள், ஆகக் கீழே கிடந்தவர்கள் தெருவுக்குக் கறுப்பு. கறுப்புத் தெருக்காரர்களைக் குற்றவாளித்தனம் உள்ளவர்கள் என்றும் எழுதி வைத்தார். தெருவைப் பார்ப்பதில் இந்த இரண்டு வழியும் அன்றிலிருந்து கூடவே வருகின்றன.

இன்று பார்ப்பது எந்திரம். கணினிப் பார்வை என்கிறார்கள். ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி இது மரம், இது நடைபாதை, இது கட்டடம் என்று மனிதர்கள் குறித்துக் கொடுக்கிறார்கள். அதைக் கற்றுக்கொண்ட எந்திரம் லட்சக்கணக்கான படங்களைத் தானே எண்ணிவிடுகிறது. அந்த எண்ணிக்கையை நோய்க் கணக்கோடு பொருத்துகிறார்கள். 2018ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் சுமார் ஒன்றரை லட்சம் செயற்கைக்கோள் படங்களை இப்படி ஆராய்ந்தார்கள். 1,695 சிறு பகுதிகளில் உடல்பருமன் கூடிக் குறைவதில் ஏறக்குறைய 65 சதவீதத்தைப் படத்தில் தெரிகிற சுற்றுப்புறத்தைக் கொண்டே விளக்கலாம் என்றார்கள். 2022ல் கூகுளின் தெருக்காட்சி சென்னை உட்பட 10 இந்திய நகரங்களுக்கு வந்துவிட்டது. நம்ம தெருவுக்கும் அந்தக் கண்ணு வரத்தான் போகுது.

ஆய்வு எங்க ஆத்தூருக்குப் புதுசில்லை. 1959ல் காந்திகிராமத்தில் தொடங்கிய மாதிரிச் சுகாதாரத் திட்டம் ஆத்தூர் வட்டாரத்தைத்தான் களமாக எடுத்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக எங்க சனங்களின் பிறப்பை எண்ணினார்கள். எண்ணப்பட்டுப் பழகிய மண் இது. கேள்வியை யார் கேட்பது என்பதுதான் இன்னும் தீராத வழக்கு.

ஆத்தூரின் காமராசர் நீர்த்தேக்கம் வானத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். திண்டுக்கல் நகரத்துக்குக் குடிக்கப் போகிற தண்ணி அது. எந்தத் தெருக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணி வருது, யாரு முதல்ல குடத்தை வைக்கிறது என்பதெல்லாம் படத்தில் தெரியாது.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. அந்தத் தொட்டியை எந்திரத்திடம் காட்டினால் 'குடிநீர் வசதி உண்டு' என்று ஒரு புள்ளி வைக்கும். 2019 டிசம்பர் 2ஆம் நாள் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஒரு சுவர் சரிந்து 17 பேர் செத்தார்கள். எந்திரத்துக்கு அது வெறும் சுவர். சேரிக்கு அது என்ன சுவர் என்பதை யாராவது எழுதிக் கொடுத்தால்தானே அதுக்குத் தெரியும்?

இதனால் படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஒகாயோ மாநிலம் ஜேன்ஸ்வில் பக்கத்தில் கோல் ரன் என்றொரு குடியிருப்பு உண்டு. அங்கே கறுப்பின மக்களுக்கு ஏறக்குறைய 50 வருசம் குழாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. வழக்குப் போட்டார்கள். தண்ணீர்க் குழாய் போகும் படத்தையும், எந்த வீட்டில் எந்த இனத்தார் என்ற படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார்கள். பாகுபாடு கண்ணுக்கு முன்னால் நின்றது. 2008ல் நடுவர்கள் கிட்டத்தட்ட 1 கோடியே 10 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னார்கள்.

அந்த இரண்டாவது படத்தை எந்த எந்திரமும் தானாக வரையாது. எந்தத் தெரு யாருடைய தெரு, ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கம் ஓடி வந்து தேங்குது, சுடுகாட்டுப் பாதை எங்கே அடைபட்டிருக்கு என்பது காலனியில் இருக்கிற படித்த பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்கள் கையில் பேனா வரணும். அதைச் சேர்க்காமல் நம்ம தெருவைப் படம் பிடித்தால், 'இவங்க சுத்தமில்லாத சனங்க' என்ற பழைய தீர்ப்பைத்தான் கணினி புது எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கும். பூத் பூசிய கறுப்பு போதும். நமக்கு வேண்டியது ஸ்நோ கேட்ட கேள்வி: தண்ணி எங்கிருந்து வருது, அதை யார் கெடுத்தார்கள்?