முள் எந்தப் பக்கம் போச்சு?

1974-ல் கோவையில் லேத் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் சேர்ந்தேன். ஸ்பிண்டிலில் 300 மில்லிமீட்டர் மாண்ட்ரலைச் செருகி, டயல் கேஜை அதன் மேல் வைத்து, கேரேஜை நகர்த்திப் பார்ப்பதுதான் அன்றாட வேலை. அனுமதி 0.02 மில்லிமீட்டர்.

ஒரு மாதக் கடைசி. வாசலில் லாரி நிற்கிறது. முள் 0.01 காட்டியது. ஓகே என்று எழுதிவிட்டேன்.

சீனியர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அண்ணாச்சி. "முள் எந்தப் பக்கம் போச்சு தம்பி?" என்றார். மாண்ட்ரலின் நுனி கீழே இறங்கியிருந்தது. அவர் கையெழுத்துப் போடவில்லை. மேனேஜரே வந்து, "பாதி அளவுதானே அண்ணாச்சி" என்று கெஞ்சிப் பார்த்தார். ம்ஹூம். ஹெட்ஸ்டாக்கைக் கழற்றி மறுபடி ஸ்கிரேப் செய்ய இரண்டு நாள் ஆயிற்று. லாரிக்காரர் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு அண்ணாச்சி ஒரு கிழிந்த புத்தகத்தைக் காட்டினார். ஜெர்மானியரான கியோர்க் ஷ்லேசிங்கர் 1927-ல் எழுதியதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. எதை அளப்பது, எவ்வளவு விடுவது என்பதோடு, பிழை எந்தத் திசையில் இருக்கலாம் என்றும் அதில் இருந்தது. மாண்ட்ரலின் நுனி மேல்நோக்கி மட்டுமே இருக்கலாம்; ஜாபின் எடை அதைக் கீழே இழுக்குமே! பக்கவாட்டில் டூல் இருக்கும் பக்கம் மட்டும். வெட்டும் விசை எதிர்ப்பக்கம் தள்ளும். பெட் நடுவில் மேடாகலாம், பள்ளமாகக் கூடாது. தேய்ந்து தேய்ந்து சமத்துக்கு வரட்டும் என்ற கணக்கு. எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஷ்லேசிங்கர் 1904 முதல் பெர்லின் சார்லட்டன்பர்க்கில் பேராசிரியர். யூதர். 1933-ல் நாஜிகள் சிறையில் போட்டார்கள். வெளியே வந்து நாட்டை விட்டே போய், 1949-ல் இங்கிலாந்தில் காலமானார். உலகம் முழுக்க அவர் அட்டவணையை வைத்து மெஷின் வாங்கினார்கள், விற்றார்கள். அவருக்குச் சொந்த ஊரில் இடமில்லை.

பின்னால் லேசர் வந்தது. ஓர் அச்சுக்கு ஆறு பிழை, மூன்று அச்சுக்குப் பதினெட்டு, அச்சுகளுக்கு இடையே செங்கோணப் பிழை மூன்று, ஆக 21 என்று படித்தோம். ஐந்து அச்சு மெஷினில் சுழலும் அச்சுகளின் பிழைகளும் சேர்ந்துகொள்ளும். 1982-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் கூடத்தில் பிரையன் என்பவர், இரு முனையிலும் உருண்டை உள்ள, நீண்டு சுருங்கும் ஒரு கம்பியை அறிமுகம் செய்தார். பால்பார் என்பார்கள். மெஷினை ஒரு வட்டம் சுற்றவிட்டால் போதும். செங்கோணம் தவறியிருந்தால் வட்டம் 45 டிகிரி சாய்ந்த நீள்வட்டமாகும். பேக்லாஷ் இருந்தால் அச்சு திரும்பும் இடத்தில் படிக்கட்டு விழும்.

போன வருடம் உறவுக்காரர் பட்டறையில் ஒரு பையன் பால்பார் போட்டுக்கொண்டிருந்தான். "எட்டு மைக்ரான்தான் சார், லிமிட்டுக்குள்ள இருக்கு" என்றான்.

"எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு தம்பி?" என்று கேட்டேன். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான். நான் கண்ணாடியைத் தேடினேன்.