சுண்ணாம்பும் நம்மவர் வீடும்

வீட்டை அழகு செய்தல் பொருள் படைத்தோர்க்கே உரிய காரியமென்று கருதுவோர் நம்மிற் பலருளர். ஏழை வீட்டுக்கு அலங்காரம் எதற்கு, உண்ண உணவும் ஒழுகாத கூரையும் போதாவோ என்று கேட்பாருமுண்டு. அழகென்பது கடையில் விலைக்கு வாங்கும் சரக்கு என்பதே இவர்கள் யாவருடைய நம்பிக்கையும். இந்நம்பிக்கையின் பலனைத் தோட்டக் காரியாலயத்தில் சம்பளப் பட்டியல் எழுதும் என் போன்ற கிராணிமார் ஆண்டுதோறும் காண்கிறோம். தீபாவளிக்கு முன்பணம் பெற்று, தவணைக்கு மெத்தை நாற்காலி எடுத்து, அடுத்த தீபாவளி வருமுன் தவணை தவறிக் கடைக்காரர் லாரியோடு வந்து அதைத் தூக்கிச் செல்ல, அது கிடந்த இடத்தில் சுவர் மட்டும் முன்னினும் அழுக்காய் நிற்கும் வீடுகளை நான் அறிவேன்.

வீட்டைப் புதுப்பிக்க நம் முன்னோர்க்கு ஒரே பொருள் போதுமானதாயிருந்தது. அது சுண்ணாம்பு. இவ்வளவு மலிந்த பொருளுக்கு ஒரு சரித்திரமும் உண்டோ என்று நேயர்கள் நகைக்கக்கூடும். உண்டு. அச்சரித்திரம் நம்மவர் சரித்திரத்தோடு பின்னிக் கிடப்பதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ ஏறக்குறைய 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் அதனுள் அடங்கிய கரியமிலவாயு வெளியேறிவிடும். எஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டால் அது கொதித்துப் பொங்கி நீறிவிடும். அதனைக் கரைத்துச் சுவரில் பூசினால், இழந்த வாயுவைக் காற்றிலிருந்து சிறுகச் சிறுகத் திரும்பப் பெற்று மறுபடியும் கல்லாகிறது. ஆதலின் வெள்ளையடித்தல் என்பது சுவரின் மேல் மெல்லிய கல்லொன்றைப் போர்த்துவதேயாகும். ஈரமான சுண்ணாம்பின் காரத்தில் நோய்க்கிருமிகள் பிழைத்திருப்பது அரிது. பூஞ்சையும் எளிதில் பற்றாது. ஈப்போவைச் சூழ்ந்த குன்றுகளும், தைப்பூசத்திற்கு நம்மவர் ஏறும் பத்துமலையும் இந்தச் சுண்ணாம்புக் கல்லே என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கின்றனர்?

தமிழகத்தில் இதன் பழமை மிகப் பெரிது. அரண்மனைச் சுவரில் பூசிய சுதை வெள்ளியைப்போல் விளங்கிற்றென நெடுநல்வாடை கூறும். ஆனால் அது அரண்மனை. உழுது பயிரிட்டவன் குடிசைக்கு மண் சுவரும், சாண மெழுக்கும், அடியில் ஒரு செங்காவிப் பட்டையும், வாயிலில் ஒரு கோலமுமே வாய்த்தன. இவற்றுக்குக் காசு வேண்டுவதில்லை. பெண்களின் கையுழைப்பே முதல். அவ்வுழைப்பை நாம் ஒருநாளும் கணக்கிலெழுதியதில்லை.

காசு மட்டுமே தடையாயிருந்திருந்தால் ஏழைக்கு அவ்வளவு துயரமில்லை. தன் வீட்டைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளும் உரிமையே பலருக்கு மறுக்கப்பட்டிருந்தது. திருவிதாங்கூரில் 19-ஆம் நூற்றாண்டில் நாடார் மக்கள் மாடி வீடு கட்டலாகாதென்ற தடை இருந்தது. அவ்வளவு பழைய காலத்துக்கு ஏன் போகவேண்டும்? இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் வெள்ளி நகை அணியலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பணியலாகாது என்பவற்றோடு, வீட்டில் மண் பாண்டமன்றி வேறு பாத்திரம் புழங்கலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. மறு ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. ஜே. எச். ஹட்டன் சாதியைப் பற்றிய தம் நூலில் இதனை எழுதி வைத்திருக்கிறார். அடுப்படியில் ஒரு பித்தளைச் சொம்பு மின்னுவதையும் பொறாத நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரர்களுள் பலர், இன்று அலங்காரம் வீண் செலவென்று எளிதிற் கூறிவிடுகின்றனர். அந்தச் சொம்பு வீண் செலவன்று என்பதைத் தடை விதித்தவர்கள் நன்கறிந்திருந்தனர்.

சுண்ணாம்பு வேலையில் சென்னைச் சீமைக்கு ஒரு தனிப்பெயர் இருந்தது. கிளிஞ்சற் சுண்ணாம்பை அரைத்துப் பூசி மெருகேற்றிய சென்னைச் சுவர்களைப் பளிங்கென்றே மயங்கி வெள்ளையர் வியந்தனர். ‘மெட்ராஸ் சுண்ணம்’ என்று அதற்கு அவர்கள் பெயரிட்டனர். அவ்வித்தை கடல் கடந்து சிங்கப்பூருக்கு வந்த விதம் நம்மவர் யாவரும் அறியத்தக்கது. 1825-ஆம் ஆண்டில் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். பின்னர் வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மாகாணங்களிலிருந்தும் கைதிகள் வந்தவண்ணமிருந்தனர். சாலை போட்டதும், சதுப்பைத் தூர்த்ததும், செங்கல் சுட்டதும், கட்டடம் எழுப்பியதும் அவர்கள் கைகளே. 1856-இல் தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் அவர்கள் எழுப்பியது. அதன் உட்சுவர்ப் பூச்சுக்கு அவர்கள் கையாண்ட முறையை, கைதிகளுக்கு மேலாளராயிருந்த மக்நேர் என்பவர் 1899-இல் வெளிவந்த நூலில் விவரித்துள்ளார். மணல் கலவாத கிளிஞ்சற் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, முரட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்துக் குழைத்துப் பூசினர். பூச்சு உலர்ந்தபின் உருண்டைக் கற்களாலும் படிகத்தாலும் தேய்த்து, இடையிடையே மாக்கல் பொடி தூவி மெருகேற்றினர்.

முட்டையும் சர்க்கரையும் சுவர் தின்றது. பூசியவன் என்ன தின்றான் என்பதை மக்நேரின் குறிப்பில் நான் தேடவில்லை. அவர்கள் குற்றவாளிகளல்லவா என்பாருக்கு ஒரு சொல். கைவிலங்கோடு வந்தவன் கையில் கைவண்ணமும் வந்தது. 1873-இல் எஞ்சிய கைதிகளை அந்தமானுக்கு அனுப்பிவிட்டனர். பேராலயம் இன்றும் வெண்மையாக நிற்கிறது.

இனி, சுண்ணாம்பு அழகுப் பொருளாயிருந்தது மாறி ஆணைப் பொருளாகிய கதை. இங்கிலாந்தில் ராபர்ட் பீல் (பிரதம மந்திரியான பீலின் தந்தை) கொண்டுவந்த 1802-ஆம் ஆண்டுச் சட்டம், பருத்தி, கம்பளி ஆலைகளின் அறைகளை ஆண்டுக்கு இருமுறை சுட்ட சுண்ணாம்பும் நீரும் கொண்டு கழுவவேண்டுமென விதித்தது. ஆலைப் பிள்ளைகள் காய்ச்சலில் மடிந்ததே அதற்குக் காரணம். சட்டம் நல்லதே. ஆனால் அன்று முதல் ஏழையின் சுவர் வெள்ளை அவன் கண்ணுக்காக அன்றி, மேற்பார்வைக்காரன் கண்ணுக்காக ஆகிவிட்டது. அந்த எண்ணமே நம் தோட்டத்து லயங்களுக்கும் வந்து சேர்ந்தது.

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் ஒழிந்தது. கங்காணிகள் மூலம் ஆள் சேர்ப்பது 1938 வரை நீடித்தது. முதுகோடு முதுகாய் ஒட்டிய அறைகள், பலகைச் சுவர், தகரக் கூரை என்றமைந்த லயங்களில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கூட்டங்கூட்டமாய் மக்களைக் கொன்றன. 1901 முதல் கிள்ளான் பகுதியில் மால்கம் வாட்சன் என்னும் வைத்தியர் சதுப்பை வடித்து மலேரியாவைத் தடுத்துக் காட்டினார். அதன்பின் தோட்ட முதலாளிமாருக்கும் உண்மை விளங்கிற்று: நோயாளி பால் வெட்டமாட்டான். கால்வாய் வெட்டினர், எண்ணெய் தெளித்தனர், லயத்துக்கு வெள்ளையும் அடித்தனர். அந்த வெள்ளையடிப்பைப் பற்றி என் பாட்டியார் கூறக் கேட்டிருக்கிறேன். வைத்திய அதிகாரி வருகிறாரென்றால் முதல்நாள் ஆட்கள் வாளியோடு வருவார்கள். கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. சுவரில் மாட்டிய படத்தின் மேலும், அம்மிக்கல்லின் மேலும், உறியின் மேலும் சேர்த்தே அடித்துவிட்டுப் போவார்கள். மாலையில் வேலையிலிருந்து திரும்பியவர்களுக்கு அவற்றைத் துடைப்பதே அன்றைய வேலை. “மாட்டுக் கொட்டகைக்கும் அதே வாளிதான்” என்பார் பாட்டியார்.

எனினும் நம் பெண்கள் அந்த ஆணை வெள்ளையைத் தம்முடையதாக்கிக் கொண்ட வழியொன்றுண்டு. அது நீலம். துணிக்குப் போடும் நீலத்தில் ஒரு சிட்டிகை எடுத்துச் சுண்ணாம்பில் கலந்தால் அதன் மஞ்சட் சாயல் மறைந்து வெண்மை பளிச்சிடும். ஒரு பிடி போட்டால் சுவரே வான நிறமாகிவிடும். ஒரு காலத்தில் இந்நிறத்தை ஆப்கானிஸ்தானத்து மணிக்கல்லை அரைத்தே எடுத்தனர். அதன் விலை பொன்னோடு ஒப்பிடத்தக்கதாயிருந்தது. 1828-இல் பிரான்சு நாட்டுக் கிமே என்பார் செயற்கை முறையில் அதனைச் செய்து பரிசு பெற்ற பிறகே, அரசர்க்குரிய நிறம் கூலிக்காரியின் வாளிக்கு இறங்கி வந்தது. சுண்ணாம்பின் காரத்திலும் இந்நிறம் மங்குவதில்லை.

பினாங்கு லீத் தெருவில் சீன வணிகர் சியோங் ஃபட் சே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பத் தொடங்கிய மாளிகையின் சுவரும் நீலமே. அங்கு அவுரி நீலத்தைச் சுண்ணாம்பிற் கலந்து பூசினர். பழுதடைந்து கிடந்த அம்மாளிகையை 1990-களில் செப்பனிட்டனர். அதற்கு 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் விருது கிடைத்தது. வெளிநாட்டார் வந்து அச்சுவரின் முன் நின்று படம் பிடித்துச் செல்கின்றனர். செய்யத்தக்கதே. லயத்து முன்கட்டில் நீலம் அடித்ததற்காக, வரிசை கெட்டுவிட்டதென்று ஏச்சு வாங்கியவர்கள் கதையும் உண்டு. அதற்கு விருதில்லை.

அடுத்து, படங்கள். இரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் அமைத்தபின் வண்ணப்படங்கள் ஏழை வீடுகளிலும் நுழைந்தன. பின்னர்க் கடைகள் இலவசமாய்த் தரும் நாட்காட்டிகள் வந்தன. ஒரே சுவரில் பதினைந்து தெய்வங்களை நெருக்கி மாட்டுவதைச் சீர்திருத்தக்காரராகிய நாம் கண்டிப்பதுண்டு. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்து சென்றபின் பல வீடுகளில் அத்தெய்வங்கள் இறங்கி அவர் படம் ஏறியது. கண்டிப்பது நியாயமே. ஆனால் ஒன்றை மறந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. படம் கழற்றி எடுத்துச் செல்லக்கூடியது. வேலை போனால் வீடும் போகுமென்று அறிந்தவன், ஆணியிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைக்கக்கூடிய அழகையே நம்பினான். சுவருக்குச் செய்த செலவு சுவரோடு போய்விடும்.

இன்று சொந்தச் சுவருள்ளோர்க்குச் சில குறிப்புகள். சுட்ட சுண்ணாம்பை இரண்டு நாளேனும் நீரில் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டுக. நீரில் சுண்ணாம்பை இடவேண்டும். சுண்ணாம்பின் மேல் நீரைக் கொட்டினால் தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும். பிள்ளைகளை அருகே விடலாகாது. பிடிப்புக்குச் சிறிது வஜ்ஜிரமோ கஞ்சியோ சேர்க்கலாம். சுவரைத் துடைத்து நனைத்த பின்னரே பூசுக. பாலைப்போல் மெல்லியதாய் இரண்டு மூன்று தடவை பூசவேண்டும். முதற் பூச்சு ஒன்றும் தெரியவில்லையே என்று கலங்கவேண்டாம், காயக் காய வெளுக்கும். கெட்டியாய் ஒரே தடவையில் அப்பினால் உதிர்ந்துவிடும். செங்கற் சுவருக்கும் சிமிட்டிச் சுவருக்கும் இது பொருந்தும். எமல்ஷன் சாயம் அடித்த சுவரில் மட்டும் ஒட்டாது. ஒரு முழு வீட்டுக்குச் சுண்ணாம்பு வாங்கும் காசில் அந்தச் சாயம் ஒரு சுவருக்கும் காணாது.

சொந்தச் சுவர் என்று எழுதிவிட்டேன். நம்மவரில் எத்தனை பேருக்கு அது உண்டு? 1966-இல் தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்தபட்ச அளவு கூறும் சட்டம் வந்தது. 1990-இல் அதற்குப் பதிலாக வேறொரு சட்டம் வந்தது. அறையின் அளவு, தண்ணீர், கழிப்பிடம் ஆகியவை திருந்தின. ஆனால் அவ்வீட்டில் குடியிருப்பவனுக்கு அதைச் சொந்தமாக்கச் சட்டம் வரவில்லை. 1950-களின் இறுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் அவை நகரங்களுக்கு இரையானபோதும், மூன்று தலைமுறை வெள்ளையடித்த வீடுகளைவிட்டு மக்கள் வெளியேறினர்.

நான் பணியாற்றிய தோட்டமொன்றும் அவ்வாறே விற்கப்பட்டது. வீட்டைக் காலி செய்யவேண்டுமென்ற அறிவிப்புகளைத் தட்டெழுதி வீடுவீடாய்க் கொடுத்தவன் நானே. மாற்றாக அடுக்குமாடி வீடு தருவதாகப் பேச்சு. பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு அவ்வழியே சென்றபோது, பால் வெட்டிப் பின் செம்பனைக் காட்டிலும் உழைத்து ஓய்ந்த ஒரு மூதாட்டி, முக்காலியின் மேல் நின்று முன்சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். நீலம் கலந்த வெள்ளை. அறிவிப்பில் குறித்த நாளுக்கு ஐந்து வாரங்களே இருந்தன.

“இடிக்கப் போகிற வீடாயிற்றே, பாட்டி” என்றேன்.

“பொங்கலுக்குள்ள இடிக்க மாட்டாங்களே, தம்பி” என்றார், திரும்பிப் பாராமல்.

நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன். சற்று நேரம் கழித்து, அந்த அடுக்குமாடி வீட்டுச் சுவருக்கு என்ன அடித்திருக்கிறார்கள் என்று கேட்டார். எமல்ஷன் சாயம், அதில் சுண்ணாம்பு ஒட்டாது என்றேன். வாளியை என்னிடம் நீட்டிக் கீழே இறங்கினார்.

“சுரண்டிப்புட்டு அடிச்சாப் பிடிக்காதா?”

பிடிக்கும் என்றேன்.