நீண்ட ஆயுளும் களவெட்டியும்

நம் ஊர்ப் பெரியோர் ‘குளிர்காய்ச்சல்’ என்று கூறிய நோயே மலேரியா. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் அது இலங்கையில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்டது. வரண்ட பிரதேசத்து மக்களுக்கோ அது பழகிய நோய். பேரப்பிள்ளையைக் காணுமுன்னரே கண்மூடியவர் பலர்.

இரண்டாவது உலக யுத்தத்தின் முடிவில் டி.டி.ரீ. மருந்து வந்தது. வீட்டுச் சுவர்களில் அதனைத் தெளித்தனர். சுவரில் தங்கும் நுளம்பு மடிந்தது. 1946 இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த மரணவீதம் 1947 இல் 14 ஆக இறங்கிற்று. முழுப் பெருமையையும் மருந்துக்கே கொடுத்துவிடுதல் முறையன்று. இலவச வைத்தியமும், கிராமந்தோறும் சென்ற மருத்துவிச்சியும், பங்கீட்டு அரிசியும் அதே காலத்தில் உயிர் காத்தன. 1963 இல் நாடு முழுவதிலும் மலேரியா கண்டவர் 17 பேரே. வென்றுவிட்டோமென அயர்ந்திருந்தோம், 1968, 1969 இல் ஐந்து இலட்சம் பேருக்கு மேல் மீண்டும் பீடித்தது. உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது 2016 இலேதான்.

நுளம்பு அடங்கவே காட்டை வெட்ட ஆள் துணிந்தது. 1949 இல் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டும் வேலை தொடங்கிற்று. அங்கே தேங்கிய சேனாநாயக்க சமுத்திரத்து நீர் சம்மாந்துறை வட்டைகளுக்கும் பாய்கின்றது. ஆயுளோடு விளைச்சலும் பெருகிற்று.

இனி, மறுபக்கத்தையும் நோக்குவோம். அன்று கதிரறுத்துச் சூடு வைத்து, களவெட்டியில் மாடு வளைத்து மிதிப்பர். இந்துவாயினும் முஸ்லிமாயினும் வட்டையில் ஒரே தொழில், ஒரே பேச்சு. களவெட்டிக்கென்று தனிச்சொற்கள் இருந்தன. அங்கே நெல்லை நெல்லென்னாது ‘பொலி’ என்பர். தள்ளாத வயதினருக்கும் அங்கே வேலையுண்டு. வாடியிற் காவலிருப்பார், மழை வருமா வராதா என்று சொல்வார், போடியாரும் அவர் சொற்கேட்டே நடப்பார். உழவு யந்திரம் வந்து மாட்டை விலக்கிற்று. பின்னர் அறுவடை யந்திரம் வந்து களவெட்டியையே விலக்கிற்று. இன்று சில மணி நேரத்தில் நெல் மூட்டையாகி விடுகின்றது. முதுகொடிந்த உழைப்புத் தொலைந்தது நன்றே. அதனைத் திரும்ப அழைப்பார் எவருமிலர்.

ஆயினும், யந்திரம் கிழவனுக்கு ஆண்டுகளைக் கூட்டிக் கொடுத்து, அவ்வாண்டுகளிற் செய்தற்குரிய வேலையைப் பறித்துக்கொண்டது என்பதே என் எண்ணம். 65 வயதைக் கடந்தோர் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் நூற்றுக்கு 8 பேரளவினர். 2024 இல் 12 பேருக்கு மேல். பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்க வழிசெய்யும் சட்டமொன்று 2000 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. நம் பாட்டனார் காலத்தில் இதனைச் சொல்லியிருந்தால் நகைத்திருப்பர்!

கட்டாரிலிருந்து மகன் கைத்தொலைபேசியில் முகம் காட்டிப் பேசுகின்றான். சாப்பிட்டீர்களா, குளிசை போட்டீர்களா என்று கேட்கின்றான். கிழவரும் ஆமென்கின்றார். மழை வருமாவென்று அவரை இப்போது ஒருவரும் கேட்பதில்லை; அதுவும் அத்தொலைபேசியிலேயே தெரிகின்றது.