இரவுக் கிளியின் இருவகைப் பகை

காக்காப்போ என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழ்ச் செவிக்குக் காக்கையின் நினைவு வருவது இயல்பே. ஆனால் இப்பெயருக்கும் காக்கைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நியூசிலாந்தின் தொல்குடி மக்களாகிய மாவோரிகளின் மொழியில் ‘காக்கா’ என்பது கிளியையும் ‘போ’ என்பது இரவையும் குறிக்கும். இரவில் நடமாடும் கிளி என்பதே பெயரின் பொருள். 1845ஆம் ஆண்டில் இப்பறவைக்கு அறிவியற் பெயர் சூட்டிய ஜார்ஜ் ராபர்ட் கிரே என்னும் ஆங்கிலேய அறிஞர், ‘ஆந்தை முகம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ‘ஸ்ட்ரிகாப்ஸ்’ என்றார். மாவோரிகள் அதன் இனத்தைப் பார்த்தனர். கிரே அதன் முகத்தைப் பார்த்தார். இரு பெயரும் பொருத்தமானவையே.

அழிவின் விளிம்புவரை சென்று மீண்ட பறவை இது. பூனையும் எலியும் அதனைக் கொன்றன, அன்பர்கள் அதனைத் தீவுகளிற் குடியேற்றிக் காத்தனர் என்பதோடு அதன் வரலாறு முடிந்துவிட்டதாகப் பலர் கருதுவர். உண்மையில் அங்கேதான் வரலாற்றின் இரண்டாம் பகுதி தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரிந்த பகை விலகிய பின்னரே கண்ணுக்குத் தெரியாத பகை முன்னால் வந்தது. அவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இப்பறவையின் கதை முழுமை பெறாது.

பறவையின் இயல்பு

கிளியினங்களிலேயே மிக்க எடையுடையது காக்காப்போ. நன்கு வளர்ந்த ஆண் பறவை 4 கிலோகிராம் வரை எடை பெறுவதுண்டு. பாசி படர்ந்தது போன்ற பச்சை நிறம். அதனிடையே கறுப்பும் மஞ்சளுமான கோடுகள். சிறகிருந்தும் பறக்க இயலாது. ஆனால் வலுவான கால்களால் நெடுந்தொலைவு நடக்கும், மரமும் ஏறும். இலை, வேர், கனி, விதை என உண்பதெல்லாம் தாவர உணவே. பகலெல்லாம் புதரிலோ மண்பொந்திலோ அடங்கியிருந்து, இருட்டிய பின்னரே வெளிவரும்.

இணைசேரும் காலத்தில் ஆண் பறவைகள் மலைமுகட்டில் மண்ணைக் குடைந்து கிண்ணம் போன்ற குழிகளை அமைக்கும். அக்குழியில் அமர்ந்து, உடலைப் பந்துபோல் உப்பிக்கொண்டு, முரசின் அடிக்குரல் போன்ற ஓசையை இரவு முழுவதும் எழுப்பும். காற்று உதவினால் அவ்வோசை 5 கிலோமீட்டர் வரை கேட்கும். அதனைக் கேட்டு வரும் பெண் பறவை, இணைசேர்ந்தபின் தனியே சென்று முட்டையிடும். அடைகாப்பதும் குஞ்சுகளுக்கு இரை தேடுவதும் அதன் பொறுப்பே. ஆண் பறவைக்கு அதிற் பங்கில்லை.

இவ்விணைசேர்க்கை ஆண்டுதோறும் நிகழ்வதன்று. தென்பகுதிக் காடுகளிலுள்ள ரிமு என்னும் மரம் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையே மிகுதியாகக் காய்க்கும். அவ்வாண்டில் மட்டுமே காக்காப்போ முட்டையிடும். நெடுநாள் வாழும் பறவையாதலின் இந்த மெதுவான பெருக்கம் பண்டைக் காலத்தில் அதற்குக் குறையாக இருந்ததில்லை.

கண்ணுக்குத் தெரிந்த பகை

மனிதர் காலடி படுவதற்கு முன் நியூசிலாந்தில் நிலத்தில் நடந்து வேட்டையாடும் பாலூட்டி விலங்கு ஏதும் இருந்ததில்லை. காக்காப்போவுக்கு அஞ்சத்தக்க பகை வானிலிருந்து வரும் கழுகும் பருந்துமே. அவை பகலில், கண்ணால் கண்டு வேட்டையாடுவன. ஆகவே இரவில் நடமாடுவதும், ஆபத்து நேர்ந்தால் அசையாமல் நிற்பதும், பச்சை நிறத்தால் இலையோடு இலையாக மறைவதும் போதிய காவலாயின. ஆனால் காக்காப்போவின் உடலிலிருந்து தேன் போன்ற ஒரு மணம் எழும். மோப்பம் பிடித்து வரும் விலங்கின்முன் அசையாமல் நிற்பது காவலாகுமா?

13ஆம் நூற்றாண்டளவில் குடியேறிய மாவோரிகளுடன் நாயும் எலியும் வந்தன. மாவோரிகள் இப்பறவையின் இறைச்சியை உண்டனர். இறகுத் தோலால் மேலாடை செய்தனர். பின்னர் ஐரோப்பியருடன் பூனையும் புதிய எலியினங்களும் வந்தன. மேய்ச்சல் நிலத்தைப் பாழாக்கிய முயல்களை ஒழிப்பதற்கென, 1880களில் ஸ்டோட் என்னும் கீரி போன்ற ஊனுண்ணியைக் கொண்டுவந்து விட்டனர். அது முயலோடு நிற்காமல் பறவைகளின்மேலும் பாய்ந்தது.

இத்தீங்கை முன்னுணர்ந்தவர்களில் ஒருவர் ரிச்சர்டு ஹென்றி. 1894இல் ரெசொல்யூஷன் தீவின் காவலராக அமர்த்தப்பட்ட அவர், ஆறாண்டுக் காலத்தில் இருநூறுக்கு மேற்பட்ட காக்காப்போக்களைப் பிடித்துப் படகில் ஏற்றி அத்தீவிற் சேர்த்தார். 1900ஆம் ஆண்டளவில் ஸ்டோட் கடலை நீந்தியே அத்தீவை அடைந்துவிட்டது. அவர் அரிதின் முயன்று சேர்த்த பறவைகள் சில ஆண்டுகளில் அழிந்துபோயின. முயற்சி தோற்றதாயினும், பகையில்லாத் தீவிற் பறவையைக் குடியேற்றுவது என்னும் அவர் கருத்துத் தோற்கவில்லை.

1970களில் ஃபியோர்ட்லாந்து மலைப்பகுதியில் எஞ்சியிருந்த சில பறவைகளைத் தேடிக் கண்டபோது, அவை யாவும் ஆண்களாகவே இருந்தன. இனம் முடிந்தது என்றே பலர் கருதினர். ஆனால் 1977இல் தென்கோடியிலுள்ள ஸ்டூவர்ட் தீவில் ஒரு கூட்டம் வாழ்வது தெரியவந்தது. 1980இல் அங்குப் பெண் பறவைகளும் காணப்பட்டன. அங்கும் பூனைகள் பறவைகளைக் கொன்றுகொண்டிருந்தமையால், அவற்றைக் காட்ஃபிஷ் முதலிய தீவுகளுக்குக் கொண்டுசென்றனர். 1995இல் உலகெங்கும் அறியப்பட்ட காக்காப்போக்களின் எண்ணிக்கை 51 மட்டுமே.

காவலும் ஒரு பாடம் கற்றது

இனத்தைப் பெருக்கும் ஆவலில் பெண் பறவைகளுக்கு மிகுதியான உணவு வைக்கப்பட்டது. குஞ்சுகள் பிறந்தன; ஆயினும் அவற்றிற் பெரும்பாலானவை ஆண்களாயிருந்தன. உடல் வளம் மிக்க தாய்க்கு ஆண் குஞ்சுகள் மிகுதல் விலங்குகள் சிலவற்றில் உண்டென்பது உயிரியலார் முன்னரே எடுத்துரைத்த கருத்து. அதனைக் கருத்திற்கொண்டு, ஒவ்வொரு பறவையின் எடையையும் அறிந்து உணவை அளந்து வைத்தபோது ஆண், பெண் எண்ணிக்கை சமநிலைக்குத் திரும்பியது. 2002ஆம் ஆண்டில் மட்டும் 24 குஞ்சுகள் வளர்ந்து கூட்டைவிட்டு வெளிவந்தன. உணவு கொடுப்பதிலும் அளவு வேண்டும் என்பதைக் காவலர்கள் இவ்வாறு கற்றனர்.

கண்ணுக்குத் தெரியாத பகை

அதே 2002ஆம் ஆண்டில், காட்ஃபிஷ் தீவின் பறவை ஒன்றுக்குக் கழிவாயில் அழற்சி ஏற்பட்டு, சீழ் வடிந்து காய்ந்திருப்பது காணப்பட்டது. பின்னர் வேறு பறவைகளுக்கும் அந்நோய் வந்தது. 2004இல் இதனினும் கொடியதொன்று நேர்ந்தது. ஒரு தீவிலிருந்து சாக்கி என்னும் மற்றொரு தீவுக்கு மாற்றப்பட்ட இளம் பறவைகளுள் மூன்று மாண்டன. ஆராய்ந்தபோது, பன்றிக்கும் வான்கோழிக்கும் வரும் எரிசிபெலஸ் என்னும் நோயின் நுண்ணுயிர் அவற்றின் குருதியிற் கலந்திருந்தது. அதன்பின் காக்காப்போக்களுக்கு அந்நோய்க்கான தடுப்பூசி போடப்பட்டது.

மிகப் பெரிய சோதனை 2019இல் வந்தது. அவ்வாண்டில் ரிமு மரங்கள் மிகுதியாகக் காய்த்தன. 70க்கும் மேற்பட்ட குஞ்சுகள் பிழைத்து வளர்ந்தன. அதற்கு முன் எந்த ஆண்டும் அத்தனை குஞ்சுகளைக் கண்டதில்லை. அந்த மகிழ்ச்சியின் நடுவே, காட்ஃபிஷ் தீவின் பறவைகளை ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை பற்றியது. இப்பூஞ்சை புதியதன்று, மண்ணிலும் மட்கிய இலையிலும் எங்கும் உள்ளதே. அதன் நுண்ணிய வித்துகள் காற்றோடு கலந்து மூச்சின் வழியே உள்ளே செல்லும். பறவைகளுக்கு நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. அங்குத் தங்கிய வித்து முளைத்துப் படரத் தொடங்கினால் மூச்சுக்கே இடமில்லாமற் போகும். காட்டுப் பறவை தன் நோயை மறைத்தே வாழும். மெலிவு வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

ஐயத்திற்குரிய பறவைகளை வான்வழியே ஆக்லாந்து முதலிய நகரங்களின் கால்நடை மருத்துவர்களிடம் கொண்டுசென்றனர். உடலின் உட்புறத்தைச் சி.டி. ஸ்கேன் கருவியாற் படமெடுத்தனர். பூஞ்சையை அழிக்கும் மருந்தைப் பல மாதங்கள் இடைவிடாமற் கொடுத்தனர். நோயுற்றவை 21, மாண்டவை 9, ஏனையவை பிழைத்தன. பின்னர் அப்பூஞ்சையின் மரபுக்கூற்றை ஆராய்ந்தவர்கள், அத்தனை பறவைகளையும் தாக்கியது ஒரே வகைப் பூஞ்சை என்பதை 2022இல் வெளியிட்டனர்.

எங்கும் உள்ள பூஞ்சை இப்பறவையை மட்டும் ஏன் இத்தனை கடுமையாகத் தாக்க வேண்டும்? இன்றுள்ள காக்காப்போக்கள் அனைத்தும் ஒருசில முன்னோரின் வழித்தோன்றல்கள். ஃபியோர்ட்லாந்திலிருந்து கிடைத்த ஆண்களுள் தன் மரபைப் பின்னோர்க்குத் தந்தது ஒன்றே. முன்னர்க் குறித்த காவலரின் பெயரால் ‘ரிச்சர்டு ஹென்றி’ என அழைக்கப்பட்ட அப்பறவை, 1998இல் மூன்று குஞ்சுகளுக்குத் தந்தையாயிற்று. மற்ற வழிமுறையெல்லாம் ஸ்டூவர்ட் தீவிற் கிடைத்தவற்றிலிருந்து வந்ததே. உறவுக்குள்ளேயே இனம் பெருகும்போது நோயை எதிர்க்கும் ஆற்றலின் வகைகள் சுருங்கும். ஒரு நோய் ஒரு பறவையை வென்றால் மற்றதையும் எளிதில் வெல்லும். முட்டைகள் பல பொரியாமற் போவதற்கும் இவ்வுறவுக் கலப்பு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

மறைந்துபோன ஒட்டுண்ணிகள்

இவ்வளவும் நோயின் கதை. இதற்கு நேர்மாறான ஒரு செய்தியும் இருக்கிறது. 1884இல் ஒரு காக்காப்போவின் குடலில் நாடாப்புழு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. 1904இல் அதற்கு அறிவியற் பெயர் கிடைத்தது. வேறெந்த உயிரிலும் காணப்படாமல் இப்பறவையை மட்டுமே நம்பி வாழ்ந்த புழு அது. இன்றைய பறவைகளில் அது காணப்படுவதில்லை.

அது தனித்த இழப்பன்று. குகைகளிலும் பாறை நிழலிலும் உலர்ந்து கிடந்த பழைய எச்சங்களை, அவற்றுட் சில 1,500 ஆண்டுக்கு மேற்பட்டவை, அறிவியலார் ஆராய்ந்து 2025இல் முடிவை வெளியிட்டனர். பண்டைக் காக்காப்போக்களிடம் 16 வகை ஒட்டுண்ணிகள் இருந்தமைக்குச் சான்று கிடைத்தது. அவற்றுள் ஒன்பது 1990களுக்கு முன்பே மறைந்துவிட்டன. மேலும் நான்கு, பறவை முழுக் காவலில் வந்த பின்னர் மறைந்தன. எஞ்சியவை மூன்றே.

ஒட்டுண்ணி ஒழிந்தது நன்றுதானே என்று கேட்கத் தோன்றும். ஆயினும் உயிரியலார் அவ்வளவு எளிதாக அதனை விட்டுவிடுவதில்லை. ஒட்டுண்ணி ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்ல வேண்டுமானால் போதிய பறவைகள் வேண்டும். பறவை அருகும்போது பறவைக்கு முன்னரே ஒட்டுண்ணி அழிந்துவிடுகிறது. பல்லாயிரம் ஆண்டுகள் உடனிருந்த ஒட்டுண்ணிகள், பெரும்பாலும் தம்மைத் தாங்கும் உயிரைக் கொல்லாமல் வாழப் பழகியவை. அவ்வுயிரின் எதிர்ப்பாற்றலும் அவற்றோடு பழகியே உருவானது. பழகிய விருந்தாளிகள் போனபின் வெறுமையான வீட்டிற் புதிய பகை புகுந்தால், அதனை எதிர்க்கும் பயிற்சி உடலுக்கு இருக்குமா என்பதே அவர்கள் எழுப்பும் கேள்வி.

2022இல் காக்காப்போக்களின் எண்ணிக்கை 252 ஆயிற்று. 51லிருந்து இவ்வளவு உயர்ந்தது சிறு செயலன்று. ரிச்சர்டு ஹென்றி படகில் ஏற்றிக் கொண்டுசென்றது பறவைகளை மட்டுமன்று; அவற்றின் குடலில் இருந்த புழுக்களையும், அவற்றோடு பழகிய எதிர்ப்பாற்றலையும் சேர்த்தே அவர் கொண்டுசென்றார். அவர் அதனை அறிந்திருக்க வழியில்லை. அவருக்குப்பின் வந்தவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்துப் பறவையை மீட்டுவிட்டனர். அதனோடு வாழ்ந்த சிற்றுயிர்களுட் பதின்மூன்றை மீட்க இனி எந்தப் படகும் இல்லை.