பிரென் குறி: 1934இல் இருந்து ஒரு தேர்வுக் கேள்வி

நாரணாபுரத்தில் எம்பிபிஎஸ் தேர்வுக்குப் படிக்கும் அக்கா மகனிடம் கேள்வி கேட்பது என் வேலை.

"எபிடிடைமைடிஸ்?"

"விரையை ஒட்டிய சுருள் குழாயில் அழற்சி, மாமா. தூக்கிப் பிடித்தால் வலி குறையும். விரை முறுக்கிக்கொண்டால் குறையாது. பிரென் குறி."

தேடிப் பார்த்தேன். அமெரிக்க மருத்துவர் டக்ளஸ் பிரென் 1934இல் எழுதியது. இதை மட்டும் நம்பி முறுக்கு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. இன்று டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் பார்க்கிறார்கள். அழற்சிக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் போதும். முறுக்குக்குச் சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை. தாமதித்தால் விரையே போய்விடும்.

நம்ம பையன்களோ "அடிவயிறு வலிக்குது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். தமிழில் சொல் இல்லாமலா? 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். சொல் இருக்கு. கூச்சம்தான் மணி நேரங்களைத் தின்னுது.