கொலாஜன் ஆய்வு: சென்னை

கொலாஜன் என்பது விலங்குகளின் தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, இரத்தக் குழாய்ச் சுவர் ஆகியவற்றுக்கு உறுதி தரும் நார்ப்புரதம். பாலூட்டிகளின் உடலிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவே. இதன் மூலக்கூறு, மூன்று சங்கிலிகள் சேர்ந்து முறுக்கிய சுருள் என்னும் கருத்தை 1954-55இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தனர். அந்த ஆய்விலிருந்து கிளைத்து 1963இல் வெளிவந்த 'ராமச்சந்திரன் வரைபடம்', எந்தப் புரதத்தின் அமைப்பையும் சோதித்துப் பார்க்கும் அடிப்படைக் கருவியாக உலகெங்கும் வழங்குகிறது.

அமைப்பும் உருவாக்கமும்

கொலாஜனில் பல வகைகள் உண்டு; முதுகெலும்பிகளில் 28 வகைகள் அறியப்பட்டுள்ளன. தோலிலும் எலும்பிலும் மிகுந்திருப்பது முதல் வகை. அதன் மூலக்கூறு ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமும் 1.5 நானோமீட்டர் தடிமனும் கொண்டது. மூன்று சங்கிலிகளில் ஒவ்வொன்றிலும் சுமார் ஆயிரம் அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்கும். மற்ற இரண்டு இடங்களில் புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் அடிக்கடி வரும். மூன்று புரிகளும் நெருங்கும் நடு அச்சில் இடம் மிகக் குறைவு. பக்கக்கிளையாக ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவை மட்டும் கொண்ட கிளைசினைத் தவிர வேறெதுவும் அங்கே அடங்காது. அந்த இடத்தில் ஒரு கிளைசின் மாறிப்போனாலும், எளிதில் எலும்பு முறியும் பிறவி நோய் போன்ற கோளாறுகள் நேரலாம்.

இச்சங்கிலிகள் ஃபைப்ரோபிளாஸ்ட் போன்ற செல்களுக்குள், அகப்பிளாச வலைப்பின்னலோடு ஒட்டிய ரைபோசோம்களில் உருவாகின்றன. அங்கேயே ஒரு நொதி புரோலின்கள் சிலவற்றை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றுகிறது. அந்த நொதி இயங்க வைட்டமின் சி தேவை. அது கிடைக்காதபோது சுருள் தளர்ந்து, ஈறு கசிதல், ஆறாத புண் முதலிய ஸ்கர்வி அறிகுறிகள் தோன்றும். முறுக்கேறிய மூலக்கூறு கோல்கை உறுப்பு வழியாகச் செல்லுக்கு வெளியே வந்ததும் அதன் இருமுனைத் துண்டுகளும் வெட்டப்படுகின்றன. பிறகு மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று சற்றே தள்ளி அடுக்கி நார்களாகின்றன. மின்னணு நுண்ணோக்கியில் இந்நார்களில் 67 நானோமீட்டருக்கு ஒரு முறை பட்டை தெரிவது இத்தகைய அடுக்கினால்தான்.

நீரில் கொதிக்கவைத்தால் மூன்று புரிகளும் பிரிந்து ஜெலட்டின் ஆகும். ஆட்டுக்கால் பாயா ஆறியபின் கட்டிப்படுவது இதனாலேயே.

தோல் தொழிலின் பின்புலம்

பதனிடுதல் என்பது, வேதியியல் நோக்கில், கொலாஜன் நார்களை அழுகாமலும் வெப்பத்தில் சுருங்காமலும் நிலைப்படுத்துவது. சென்னை மாகாணத்தில் ஆவாரம் பட்டை கொண்டு பதனிட்ட தோல் 19ஆம் நூற்றாண்டிலேயே பெருமளவில் ஏற்றுமதியானது. பட்டையிலுள்ள டானின்கள் கொலாஜனோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒட்டிக்கொள்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டனின் முயற்சியால் குரோமியப் பதனிடுமுறை சென்னைக்கு வந்தது. குரோமியம் கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகளை ஒன்றோடொன்று இணைப்பதால், 60-65 டிகிரி செல்சியசில் சுருங்கும் தோல் கொதிநீரையும் தாங்கும். குரோம்பேட்டை தன் பெயரை இம்முறையில் இயங்கிய தொழிற்சாலையிலிருந்தே பெற்றது.

1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அதன் இயக்குநரான ஒய். நாயுடம்மா கொலாஜனின் அடிப்படை அறிவியலுக்கும் அங்கே இடம் கொடுத்தார். நிறுவனத்துக்கு அருகிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் அமைந்திருந்தது.

1952-1955: முப்புரிச் சுருள்

1952இல் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவர் பதவிக்குத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் முதலில் சி. வி. ராமனை அணுகியதாகவும், ராமன் தம் மாணவர் ராமச்சந்திரனின் பெயரைச் சொன்னதாகவும் வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. எர்ணாகுளத்தில் 1922 அக்டோபர் 8 அன்று பிறந்த ராமச்சந்திரன், திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் படித்து, கேம்பிரிட்ஜில் 1949இல் முனைவர் பட்டம் பெற்றவர். பொறுப்பேற்றபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. மகப்பேறு மருத்துவரான முதலியார் எக்ஸ் கதிர்ப் படிகவியல் ஆய்வகம் ஒன்று அமைக்கத் துணைநின்றார்.

ஆய்வுக்குரிய பொருளாகக் கொலாஜன் வந்து சேர்ந்தது, அவ்வாண்டில் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் படிகவியலாளர் ஜே. டி. பெர்னலால் என்பர். கொலாஜனின் அமைப்பு குறித்து அதுவரை வந்திருந்த முன்மொழிவுகள் எதுவும் நிறைவாக இல்லை என்று அவர் சொன்னதாகக் குறிப்பு உள்ளது. 1940களில் டபிள்யூ. டி. ஆஸ்ட்பரியும், 1951இல் லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் தந்த அமைப்புகள் எக்ஸ் கதிர்ப் படங்களோடு ஒத்துப்போகவில்லை.

முதல் தேவை நல்ல மாதிரி. நார்கள் ஒரே திசையில் ஒழுங்காக அமைந்தால்தான் எக்ஸ் கதிர்ப் படத்தில் புள்ளிகள் தெளிவாக விழும். அத்தகைய மாதிரி தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது. அது கங்காரு வாலின் தசைநாண் என்பதை இவ்வாய்வைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விடாமல் குறிப்பிடுகின்றனர். படத்தில் நாரின் நீளவாக்கில் 2.86 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. வேதியியல் பகுப்பாய்வோ மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்றது. இரண்டையும் ஒருசேர விளக்கும் அமைப்பை ராமச்சந்திரனும் கர்த்தாவும் தேடினர்.

1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த கட்டுரையில், இணையாகச் செல்லும் மூன்று சங்கிலிகளும், ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவதாக வந்து நடு அச்சை நோக்கி நிற்கும் கிளைசினும் இருந்தன. சங்கிலி ஒவ்வொன்றும் ஒரு சுற்றுக்கு மூன்று அமினோ அமில அலகுகள் கொண்டது. ஆயினும் எக்ஸ் கதிர்ப் படம் சுற்றுக்கு ஏறத்தாழ 3.3 அலகுகள் எனக் காட்டியது. இம்முரண்பாட்டைத் தீர்க்க, தனித்தனியே சுருண்ட மூன்று சங்கிலிகளும் மீண்டும் ஒரு பொது அச்சைச் சுற்றிக் கயிற்றின் புரிகளாக முறுக்கப்பட வேண்டியிருந்தது. ஒரே முகத்தைக் காட்டியபடி பூமியைச் சுற்றும் நிலாவின் இயக்கத்திலிருந்து இந்த எண்ணம் ராமச்சந்திரனுக்கு உதித்ததாகச் சொல்லப்படுகிறது. திருத்திய அமைப்பு 1955 செப்டம்பரில் அதே இதழில் வந்தது. ஆய்வுலகில் இதற்குச் சென்னைச் சுருள் என்ற பெயரும் உண்டு.

சர்ச்சை

அதே ஆண்டு நவம்பரில் கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் தங்கள் அமைப்பை வெளியிட்டனர். இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த குழு ஒன்றும் அதையடுத்து இதையொத்த அமைப்பைத் தந்தது. முப்புரிச் சுருள் என்ற அடிப்படையில் மூன்று தரப்பும் ஒன்றுபட்டன. வேறுபாடு உள்விவரத்தில் இருந்தது. சென்னை அமைப்பில் மூன்று அலகுகளுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் சங்கிலிகளை இணைத்தன. ரிச்-கிரிக் அமைப்பில் ஒன்று மட்டுமே. இரண்டு பிணைப்புகள் அமைய வேண்டுமானால் சில அணுக்கள் இயல்புக்கு மீறி நெருங்க நேரிடும் என்பது கேம்பிரிட்ஜ் தரப்பின் விமர்சனம்.

1968இல் ராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும், இரண்டாவது பிணைப்பு நேரடியாக அமையாமல் ஒரு நீர் மூலக்கூறு வழியாக அமையலாம் என்றனர். 1994இல் ஹெலன் பெர்மன், பார்பரா பிராட்ஸ்கி ஆகியோரின் குழு கொலாஜனை ஒத்த பெப்டைடு ஒன்றின் படிக அமைப்பை 1.9 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளியிட்டது. அதில் மூன்று அலகுகளுக்கு ஒரு நேரடிப் பிணைப்பே காணப்பட்டது. சுருளைச் சுற்றி நீர் மூலக்கூறுகளின் வலையும் இருந்தது. நேரடிப் பிணைப்பில் ரிச்-கிரிக் தரப்பும், நீரின் பங்கில் சென்னைத் தரப்பும் அதைச் சான்றாகக் கொள்ள இடமுண்டு. கண்டுபிடிப்பின் பெருமையை எவ்விதம் பகிர்வது என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. பொது அச்சைச் சுற்றிக் கயிறுபோல் முறுக்கிய முப்புரிச் சுருளை முதலில் அச்சில் தந்தது சென்னை.

ஹைட்ராக்சிபுரோலின் சுருளை நிலைப்படுத்துவது எப்படி என்பதும் இத்தகைய வினாவே. நீர்ப் பாலத்தால் என்று ராமச்சந்திரன் குழு 1973இல் சொன்னது. அலகின் வளைவை மாற்றும் மின்னணு விளைவே முதன்மைக் காரணம் எனப் பிற்கால ஆய்வுகள் வாதிட்டன.

ராமச்சந்திரன் வரைபடம்

அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்விக்கு அக்காலத்தில் திட்டவட்டமான அளவுகோல் இல்லை. ராமச்சந்திரன், வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் அதுவரை வெளியான அமினோ அமில, பெப்டைடு படிக அமைப்புகளைத் தொகுத்து, ஒவ்வொரு அணு இணைக்கும் குறைந்தபட்ச இடைவெளிகளைப் பட்டியலிட்டனர். இயல்பான எல்லை, விதிவிலக்காக அனுமதிக்கத்தக்க எல்லை என இரண்டு அளவுகள் வகுக்கப்பட்டன. விமர்சனத்துக்கு விடை தேடித் தொடங்கிய பட்டியல், கொலாஜனைத் தாண்டிய பயன் உடையதாக விரைவில் தெரிந்தது.

புரதச் சங்கிலியில் பெப்டைடு பிணைப்பு ஏறக்குறையத் தட்டையானது, எளிதில் திரும்பாது. ஆகவே ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் சங்கிலி திரும்பக்கூடியது இரண்டு பிணைப்புகளில் மட்டுமே. அவற்றின் முறுக்குக் கோணங்கள் இன்று ஃபை, சை எனப்படுகின்றன. இவ்விரு கோணங்களையும் கிடை, செங்குத்து அச்சுகளில் குறித்து, ஒவ்வொரு சேர்க்கையிலும் எந்த அணுக்கள் மோதுகின்றன என்று கணக்கிட்டால் தளத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்டதாகிவிடும். எஞ்சுவன சில தீவுகளே. ஆல்ஃபா சுருள் ஒன்றில் விழும். பீட்டா தகடுகள் மற்றொன்றில். கொலாஜன் சங்கிலியின் இடம் பீட்டா பகுதியை ஒட்டியது. பக்கக்கிளையில் கரிம அணு இல்லாத கிளைசினுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட பரப்பு மிகப் பெரியது.

1963இல் 'மூலக்கூறு உயிரியல் இதழில்' இம்மூவர் பெயரிலும் வந்த இக்கட்டுரை ஐந்து பக்கங்களே கொண்டது. அணு அளவில் அமைப்பு தெரிந்த புரதமாக அப்போது மயோகுளோபின் மட்டுமே இருந்தது எனலாம். அதற்குப்பின் புரதங்களின் அமைப்புகள் ஒவ்வொன்றாக வெளிவர, அவற்றின் கோணங்கள் பெரும்பாலும் சென்னையில் வரைந்த எல்லைகளுக்குள்ளேயே விழுந்தன. கோணங்களின் குறியீடும் சுழித் தொடக்கமும் 1970இன் பன்னாட்டு மரபுப்படி மாற்றப்பட்டதால், பழைய கட்டுரையிலுள்ள படத்தை இன்றைய பாடநூல் படத்தோடு ஒப்பிடுவோர் அச்சுகளை நகர்த்திப் பார்க்க வேண்டும். ராமச்சந்திரனும் சசிசேகரனும் 1968இல் எழுதிய நீண்ட தொகுப்புக் கட்டுரை இத்துறையின் அடிப்படை நூலாகக் கொள்ளப்படுகிறது.

இதே காலத்தில் சென்னை புரத அமைப்பு ஆய்வாளர்கள் கூடும் இடமானது. 1960இல் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் கொலாஜன் கருத்தரங்கும், 1963, 1967 ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தின் சார்பில் பன்னாட்டுக் கருத்தரங்குகளும் நடந்தன.

1970க்குப் பின்

முதலியார் 27 ஆண்டுகள் வகித்த துணைவேந்தர் பதவியிலிருந்து 1969இல் விலகினார். அடுத்த ஆண்டு ராமச்சந்திரனும் சென்னையை விட்டு நீங்கி, பெங்களூரில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவை நிறுவினார். சசிசேகரனும் அங்கே சென்றார். கர்த்தா அதற்கு முன்பே அமெரிக்கா சென்று, 1967இல் ரைபோநியூக்ளியேஸ் நொதியின் அமைப்பைக் கண்டறிந்த குழுவில் முதன்மைப் பங்காற்றியிருந்தார். 1977இல் இலண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினராகத் தேர்வான ராமச்சந்திரன் 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார். கிண்டி வளாகத்தில் அவர் உருவாக்கிய படிகவியல், உயிரியற்பியல் துறை தொடர்ந்து இயங்கிவருகிறது.

அடையாறு நிறுவனத்தில் கொலாஜன் ஆய்வு பதனிடுதலோடு நில்லாமல் மருத்துவத்துக்கும் விரிந்தது. தீப்புண்ணின் மேல் இடும் கொலாஜன் படலங்கள் அதன் விளைவுகளில் ஒன்று. எக்ஸ் கதிர்ப் படிகவியலாலோ குளிர்நிலை மின்னணு நுண்ணோக்கியாலோ கண்டறியப்படும் புதிய புரத அமைப்புகளின் தரத்தை மதிப்பிட இன்றும் ராமச்சந்திரன் வரைபடம் பயன்படுகிறது. கணினி கணித்துத் தரும் அமைப்புகளுக்கும் அதே சோதனை உண்டு.